இரவல் வாங்கிய பதினொரு பிள்ளைகள்

பிரிக்பீல்ட்ஸ்,
11 ஜூலை 1934.

கிள்ளான் பள்ளித் தலைமையாசிரியர், மகாகனம் பொருந்திய மைத்துனர் தம்புசாமி அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை ரமணியைக் கைப்பிடித்த கன்னையா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ரமணியும் சுகம். அவ்விடம் உங்கள் சுகத்தையும் மூலவியாதியையும் ஆண்டவன் பார்த்துக்கொள்வாராக.

மச்சான், காலத்தால் செய்த உதவி! முப்பது பிள்ளைகள் ஆஜராக வேண்டும், அதில் பாதிப்பேர் தேற வேண்டும், இல்லையேல் பள்ளியை மூடிவிடுவோம் என்று கல்வி இலாகா எழுதியது உங்களுக்குத் தெரியும். ரிஜிஸ்தரில் முப்பது பெயர் இருந்தும், ரயில்வேக்காரர்கள் பதினொரு குடும்பத்தை ஈப்போவுக்கு மாற்றிவிட்டதால், மிஞ்சியது பத்தொன்பது. நீங்கள் மட்டும் உங்கள் பள்ளியின் கெட்டிக்காரப் பையன்களாகப் பதினொரு பேரைப் பொறுக்கி ரயிலேற்றி அனுப்பாதிருந்தால் நானும் ரமணியும் இந்நேரம் நடுத்தெருவில் நின்றிருப்போம்.

ஆனால் ஒரு கோளாறு. போனவர்களின் பெயருக்குத்தானே வந்தவர்கள் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும்? போன பதினொன்றில் ஏழு பெண் பிள்ளைகள். நேற்று இன்ஸ்பெக்டர் துரை ரிஜிஸ்தரை எடுத்து “புஷ்பவல்லி” என்று கூப்பிட்டதும், உங்கள் ஊர் ஜவுளிக்கடை அப்துல் ஜலீல் மகன் ஜெய்னுதீன், அரும்பு மீசையுடன் எழுந்து நின்றான். “மூத்த பிள்ளைங்க தங்கல, தொர. கண்ணு படக்கூடாதுன்னு பொம்பளப் பேரு வச்சிருக்காங்க” என்று நம் வழக்கத்தை எடுத்துவிட்டேன். துரை உச்சுக்கொட்டினார். அடுத்து “சீதாலெட்சுமி” என்றார். அதுவும் பையன். அதே கதையைச் சொன்னேன். ஏழாவது பெயருக்கு நான் வாயைத் திறக்குமுன் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “வாத்தியாரே, இந்த ஊர்ல பெத்தவங்களுக்கு இவ்வளவு துக்கமா!” என்றார். எனக்கே அழுகை வந்துவிட்டது, பயத்தில்.

பிறகு பரீட்சை. என் சொந்தச் சரக்கு வள்ளியம்மாவிடம் “இங்கே ஓடுற ஆறு எது?” என்று கேட்டார். “ரயில் பாலத்துக்குக் கீழ ஓடுதே, அது சார்” என்றாள். அத்துடன் என் கதை முடிந்தது என்றிருந்தேன். உங்கள் பையன்களோ பின்னக் கணக்கைப் பொரிந்து தள்ளினார்கள். என்னுடையதில் ஐந்து பேர் எப்படியோ கரையேற, மொத்தம் பதினாறு பேர் தேறிவிட்டார்கள். துரை என் கையைக் குலுக்கி, வெள்ளிக்கிழமை படம் பிடிக்க வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். ஆகையால் பிள்ளைகளைச் சனிக்கிழமை அனுப்புகிறேன், கோபிக்க வேண்டாம். ரமணி சுடும் தோசைக்கு அவர்களும் கிளம்புவதாக இல்லை. உங்கள் உபகாரத்தை ஏழு ஜென்மத்துக்கும் மறவேன். என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். ரமணியின் அண்ணியாருக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு, தங்கள் அடிமை,
கன்னையா.

பி.கு.: வெள்ளிக்கிழமை. தபாலில் போடப் புறப்பட்டபோது இலாகா உத்தரவு வந்தது. துரை நேற்று திடீரென்று உங்கள் பள்ளிக்குத்தான் வந்தாராமே? அங்கே இருபதே பேராம், தேறியவர் ஒருவருமில்லையாம். பாவம், கெட்டிக்காரர்களெல்லாம் இங்கே தோசை தின்றுகொண்டிருந்தார்கள். உங்கள் பள்ளியை மூடி என் பள்ளியோடு சேர்த்திருக்கிறார்கள். திங்கள் முதல் நீங்கள் எனக்கு உதவியாசிரியர். ஆகவே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பவில்லை. எட்டு மணிக்கு மணி அடிக்கும், மச்சான். தாமதம் எனக்குப் பிடிக்காது.