ச்சே என்றால் ஆறு

சுனாமிக்குப் பிறகு அந்தமானின் ஹட் பேயில் கட்டிக் கொடுத்த தகரக் கொட்டகைகளில் கூரை ஒழுகியது, குழாய் காய்ந்தது. அதிர்ஷ்டம் மட்டும் புதன்கிழமை தவறாமல் வந்தது. வரவழைத்தவர் ஆவுடையப்ப சாமி. அவர் கொட்டகை வாசலில் தமிழர், பெங்காலி, தெலுங்கர் என்று அப்படியொரு தள்ளுமுள்ளு!

அப்போது ‘ஒற்றை நம்பர்’ என்றொரு லாட்டரி நடந்தது. பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்குள் ஒரு நம்பருக்குச் சீட்டு வாங்க வேண்டும். சாயங்காலம் மெயின்லேண்டிலிருந்து போன் வரும். நம்பர் விழுந்தால் கட்டியதற்கு எட்டு மடங்கு. விழாதவர்கள் காசெல்லாம் ஏஜெண்ட் பக்தவத்சலத்துக்கு.

எந்த நம்பர் என்பதைச் சாமி அருள் வந்து சொல்லும். "ச்சே! வாசலைச் சாத்து! ஆட்டைக் கட்டு! தோ, பாஞ்சு வருது!"

மெயின்லேண்டில் இப்படிக் கத்தினால் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். இங்கே நாள் முழுக்க இந்தி பேசுகிற ஜனங்களாயிற்றே! இந்தியில் சே என்றால் ஆறு, சாத் ஏழு, ஆட் எட்டு, தோ இரண்டு, பாஞ்ச் ஐந்து. அவரவர் காதுக்கு அவரவர் நம்பர் விழும். விழுந்ததை வெளியே சொன்னால் பலிக்காதாம். ஜெயித்தவன் தேங்காய் உடைப்பான். தோற்றவனிடம் சாமி, "காது சுத்தமில்லேப்பா" என்றுவிடும்.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த நாகலிங்கம் வாராவாரம் தேங்காய் எண்ணெய் விட்டுக் காதைக் குடைந்தார். ஒரு புதன்கிழமை பெண்டாட்டி ரெங்கம்மாவின் காதையும் சுத்தமாக்கிவிட்டார். கழற்றி வைத்திருந்த தோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்! மகள் திவ்யாவை நர்சிங் படிக்கக் கப்பலேற்ற வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

ரெங்கம்மா பின்னாலேயே ஓடினாள். அருள் முடிந்து கூட்டம் ஏஜெண்ட் மேசைக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க, சாமி என்ன நம்பர் சொல்லுச்சு?"

"அரே, சொன்னா பலிக்காது புள்ளே!" என்றார் நாகலிங்கம்.

"சொல்லத்தானே கூடாது? காட்டலாம்ல?" அவள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் ஒரே வாக்கைத்தானே கேட்டீங்க? வாயைத் தொறக்காம விரலைத் தூக்குங்க! உங்லி உட்டாவ்!"

"கூடாது!" என்று அலறியது சாமி. அருள் இறங்கிக் களைத்துக் கிடந்த சாமிதான்!

விரல்கள் உயர்ந்துவிட்டன. நாகலிங்கம் ஆறு. பக்கத்தில் சொர்ணம்மா இரண்டு. பெங்காலி மீன்காரர் ஏழு. டீக்கடை நூர்முகம்மது எட்டு. ஒருவர் கையை ஒருவர் பார்த்து விழித்தார்கள்.

"எது விழுந்தாலும் இங்க ஒருத்தன் தேங்கா உடைப்பான். மத்தவுக காதெல்லாம் அழுக்கா?" என்றாள் ரெங்கம்மா.

மீன்காரர் சாமியின் கையைப் பிடித்தார். "பக்கா நம்பர் கோன்சா? ஏக் போலோ!" சரியான நம்பர் எது, ஒன்றே ஒன்று சொல் என்கிறார்.

சாமிக்கு வேர்த்து ஊற்றியது. ஏஜெண்ட் பக்கம் திரும்பி, "மச்சான், நீயாச்சும் ஏதாவது சொல்லித் தொலையேன்!" என்றது.

மச்சானா! தங்கை புருஷன் சீட்டு விற்க, சாமி ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறது. நாகலிங்கம் தலையைத் தூக்காமல் தோட்டை ரெங்கம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டாள். கை சும்மா இருந்தால் அடித்துவிடுவோமோ என்று பயம்.

அன்றைக்கு ஒரு சீட்டும் விற்கவில்லை, அடுத்த புதனும் விற்கவில்லை. தடை போட அரசாங்கம் வருவதற்குள் ஹட் பேயில் ஒற்றை நம்பர் படுத்துவிட்டது. திவ்யா கப்பலேறினாள். சாமியும் மச்சானும் அதே கப்பலில் புது ஊர் தேடிப் போனார்களாம்.

உங்கள் ஊராகக்கூட இருக்கலாம். அவர்கள் வந்தால் மூளையைக் கொஞ்சம் வெளியே எடுங்கள், ஐயா. வெளியே எடுத்தால் பலிக்காமல் போக அது ஒன்றும் லாட்டரி நம்பர் இல்லை.