பேச்சியம்மா பேருக்கு ஒரு கட்டு விறகு

இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் அத்தனையையும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு தீக்குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கத் தெரிந்த ஆள் எங்கள் லயத்து நாலாம் காம்பிராக்காரர் ஒருவர்தான். சவர பிளேடை வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். தலையிலிருக்கும் மருந்துகூடச் சரிபாதியாகப் பிரியும். பிளந்ததையெல்லாம் திரும்பப் பெட்டிக்குள் அடுக்கினால், கடையில் வாங்கினபோது இருந்ததைவிடப் பெட்டி நெருக்கமாக இருக்கும். அதனால் அவருக்கு அரைக்குச்சி என்று பேர். தோட்டத்து வேலைப் பேரேட்டில் அவருக்கு வேறு பேர் உண்டு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார்.

லயம் என்றால் ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் காம்பிராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா. காம்பிராவுக்குக் காம்பிரா சுவர் உண்டு, ஆனால் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டு இருமல் ஆறு வீட்டுக்குக் கேட்கும். ஒரு வீட்டு விளக்கு பக்கத்து வீட்டுத் தகரத்தில் மின்னும். எங்களுடையது அஞ்சாம் காம்பிரா. சாயந்தரம் நான் விளக்கை ஏற்றிப் புத்தகத்தைப் பிரித்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அரைக்குச்சியின் குரல் வரும்.

"தம்பி, படிக்கிறீங்களா?"

"ஆமா மாமா."

"ஒங்க வெளிச்சத்துலதான் நாங்க சாப்பிடுறோம். பாதிச் சோத்துல புஸ்தகத்த மூடிடாதீங்க."

அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "ஏண்ணே, ஒரு நாளைக்காவது ஒங்க வெளக்க ஏத்துங்களேன். நாங்களும் சும்மா சாப்பிட்டுப் பாக்குறோம்."

"எங்க வெளக்கு கிழடு தங்கச்சி. வெளிச்சம் சொவரு ஏற மாட்டேங்குது."

இப்படி வெளிச்சத்தில் கருமியான மனிதர், நெருப்பில் மட்டும் மகாராஜா. அவர் வீட்டு அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. காரணம் அவருடைய சம்சாரம் பேச்சியம்மா. அவளுக்கு இழுப்பு. ஈரக் காற்று நெஞ்சில் ஏறினால் விசிலடிக்கிற மாதிரி மூச்சு வரும். எங்கள் மலையில் ஈரக் காற்று இல்லாத மாதம் எது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவளும் கொழுந்தெடுக்கப் போகிறவள்தான், மலையிலிருந்து வந்ததும் அடுப்போரம் சாக்கு விரித்து அவளை உட்கார வைத்துவிடுவார். டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிறவர், புகை அவளுக்கு ஆகாது என்று சொல்லியிருந்தார். குளிரும் ஆகாது என்றும் அவரே சொல்லியிருந்தார். இரண்டில் புகைதான் மெதுவாகக் கொல்லும் என்று அரைக்குச்சி முடிவு பண்ணியிருந்தார். புகை குறையட்டுமென்று ஒவ்வொரு மிளாறாக எடுத்துப் பட்டை உரித்துத்தான் அடுப்பில் வைப்பார். மிளாறு என்றால் செடியின் தலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் கிளை. கவ்வாத்துதான் அவருடைய வேலையும்.

அதுவரை விழுந்த மிளாறை யார் வேண்டுமானாலும் பொறுக்கி வரலாம். அந்த வருஷம் தோட்டத்து ஆபீஸில் புது ஏற்பாடு வந்தது. இனிமேல் யாரும் பொறுக்கக்கூடாது. விருப்பமுள்ளவர்கள் பேரேட்டிலுள்ள ஒவ்வொரு பேருக்கும் மாதம் ஒரு கட்டு விறகும் ஒரு போத்தல் லாம்பெண்ணெயும் ஆபீஸிலேயே வாங்கிக்கொள்ளலாம், காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். விருப்பமில்லாதவர்கள் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கைநாட்டு வைத்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது.

காகிதம் இங்கிலீஸில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பு பாஸ் பண்ணி, கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேர் எழுதுகிற வேலையிலிருந்தேன். ஆகவே வீடு வீடாகப் போய்ப் படித்துச் சொல்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. மற்ற வீடுகளில் கால்மணி நேரத்தில் காரியம் முடிந்தது. அரைக்குச்சிக்கு நாலு நாள் பிடித்தது.

முதல் நாள் அவர் என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். சம்பளத்தில் பிடிக்கிற ஆபீஸ் எண்ணெய் கடன்தானே, கடன் எண்ணெய் எப்படி எரியும் என்று முதலில் பார்க்க வேண்டுமாம். கடை வைத்திருந்த முஸ்லிம் நானா நல்ல மனிதர், கடன் கொடுப்பார். அரைக்குச்சி இரண்டு போத்தலை நீட்டினார்.

"நானா, இதுல காசுக்கு ஊத்துங்க. அதுல கடனுக்கு ஊத்துங்க. ரெண்டும் கலந்துறப்படாது."

"ரெண்டும் ஒரே பீப்பாதான் அண்ணன்."

"பீப்பா ஒண்ணுதான். எரியிறப்பதான தெரியும்."

மூன்று சாயந்தரம் சோதனை நடந்தது. கடன் எண்ணெய்தான் முதலில் தீர்ந்தது. லயமே வந்து பார்த்தது. நானாவும் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அரைக்குச்சி நிதானமாக விளக்கினார். "காசு குடுத்த எண்ணைன்னா கை தானா திரிய எறக்குது. கடன் எண்ணைன்னா கை திரிய ஏத்துது. எண்ணை மேல குத்தமில்ல நானா, கை மேலதான்."

நாலாம் நாள் ஆபீஸ் விறகுக்கே கைநாட்டு வைத்தார். "இந்தியாக்காரன்னு கவர்மெண்டு ஓட்டு இடாப்புலருந்து நம்ம பேர எடுத்துட்டாங்க. ஊர்ல இருந்த பேரும் தாத்தாவோட போச்சு. வெறகு இடாப்புலயாவது எம்பேரும் அவ பேரும் கெடக்கட்டும் தம்பி" என்றார். இரண்டு பேர், இரண்டு கட்டு. பேச்சியம்மாவுக்கு ராத்திரி பகலாக அடுப்பெரிய இரண்டு கட்டு வேண்டும். ஒன்று போதாது.

அந்தக் காகிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. வேலை செய்த நாளுக்கு ஒரு பேர் என்று பேரேட்டில் மாதம் இருபது பேர் விழாதவர்களுக்கு விறகு கிடையாது, பிடித்த காசும் திரும்பி வராது. அதை நான் படிக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, இன்னும் எட்டு வீடு பாக்கியிருந்தது, சின்ன எழுத்து. இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனாலும் நான் படிக்கவில்லை.

அடுத்த மாதமே பேச்சியம்மா படுத்துவிட்டாள். அவள் பேருக்குப் பதினோரு நாள்தான் விழுந்திருந்தது. விறகு வாங்கப் போன அரைக்குச்சியிடம் ஒரு கட்டு மட்டும் தள்ளினார்கள். நான் போய் உண்மையைச் சொன்னேன்.

"மாமா, அந்த வரிய நான்தான் படிக்காம விட்டுட்டேன்."

அவர் மிளாறு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "படிச்சிருந்தாலும் இதுலதான் கைநாட்டு வச்சிருப்பேன். கடையில வெறகு என்ன வெல விக்கிது? போங்க, போயி சாப்பிடுங்க."

மறுநாள் மத்தியானம் கவ்வாத்துக் கணக்கை மற்றவர்களுக்கு முன்னால் வெட்டி முடித்துவிட்டு, பேச்சியம்மாவின் கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு, ஈரம் படாமலிருக்க அவள் கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பெண்கள் நிரையில் வந்து நின்றார். கொழுந்து எடுப்பது பொம்பளை வேலை. மலையே சிரித்தது.

"அண்ணே, சேலையும் கட்டிக்கிட்டு வந்துருக்கலாம்ல?"

"இருக்கறது ஒண்ணு. அவ போத்தியிருக்கா."

சிரிப்பு அதோடு நின்றுபோனது.

அரை நாள் வேலைக்கு அரைப் பேர்தான் போடுவார்கள். இருபது முழுப் பேருக்கு நாற்பது அரை நாள் வேண்டும், அத்தனை நாளுள்ள மாதத்தை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் எடை நிறைந்துவிட்டால் முழுப் பேர் போடலாம். இது அந்தப் பெண்களுக்குத் தெரியும். அடுத்த நாள் காலையிலேயே பேச்சியம்மாவின் கூடை நிரைக்கு வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து அதில் விழுந்துகொண்டே இருந்தது. மத்தியானம் அரைக்குச்சி வரும்போது பாதிக் கூடை நிறைந்திருக்கும். மீதியை அவர் இருட்டுவதற்குள் எடுத்துவிடுவார். விரல் பெண்களைவிட வேகம். தீக்குச்சி பிளந்த விரல் அல்லவா.

நிறுவையில் நான் "பேச்சியம்மா" என்று கூப்பிட்டேன். அரைக்குச்சி கூடையோடு வந்தார். மலையில் வேலை வாங்குகிற எங்கள் கணக்கப்பிள்ளை முரட்டு ஆள். அரைக்குச்சியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேச்சியம்மாவுக்கு எப்பய்யா மீச மொளச்சது?"

"இழுப்புக்கு மருந்து குடிக்கிறாங்கய்யா. அதுனால இருக்கும்."

கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்தார். எடை சரியாக இருந்தது. "முழுப் பேர் போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு மாதம் இப்படி ஓடியது. இரண்டு மாதமும் பேச்சியம்மா பேருக்கு ஒரு கட்டு விறகு வந்தது.

பிறகு பெரியதொரைக்கு உதவியாகப் புதிதாக ஒரு சின்னதொரை வந்தார். வெள்ளைக்காரப் பையன், நியாயமானவன். அதுதான் வினையாகப் போனது. மலையைச் சுற்றி வந்தவர், நிரையில் ஒரே ஒரு ஆம்பிளை எல்லோரையும் மிஞ்சிக் கொழுந்தெடுப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"உன் பேர் என்னா?"

சொந்தப் பேரைச் சொன்னால் அந்த நேரத்தில் அந்தப் பேருக்கு அங்கே வேலையில்லை. அரைக்குச்சி கூடையை நேராக்கிக்கொண்டு சொன்னார்.

"பேச்சியம்மாங்க தொரை."

தொரைக்கு அது பெண் பேர் என்று தெரியவில்லை. "நல்ல வேலை, பேச்சியம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நிறுவை முடியும்வரை பெண்கள் சிரித்த சிரிப்பில் பாதிக் கொழுந்து தரையில் சிந்தியது. அரைக்குச்சிகூடச் சிரித்தார். அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தொரை அதோடு விடவில்லை. ஆபீஸுக்குப் போய், இவ்வளவு நன்றாக வேலை செய்கிற ஆளுக்குப் பொம்பளைச் சம்பளம் போட்டிருக்கிறீர்கள், தப்பு, ஆம்பிளைச் சம்பளமாக மாற்றுங்கள் என்று பெரிய கிளாக்கரிடம் சொல்லியிருக்கிறார். கிளாக்கர் பேரேட்டைப் புரட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தப் பேரக் கூப்பிட்டது யாரு?"

"நான்தாங்க."

"கூடையக் கொண்டாந்தது?"

அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. எனக்கு ஒரு வாரச் சம்பளம் போனது. கணக்கப்பிள்ளைக்கு வசவு. பேச்சியம்மாவின் பேரைக் கிளாக்கர் என் கண் முன்னாலேயே வெட்டினார். சாயந்தரம் அரைக்குச்சி கேட்டார்.

"செவப்பு மையிலயா வெட்டுனாரு?"

"ஆமா மாமா."

"அப்ப திரும்ப எழுத மாட்டாங்க" என்றார்.

ஆடி மழை பிடித்துக்கொண்டது. ஒரு கட்டு விறகு பத்து நாளில் முடிந்தது. ஆளுக்கு இரண்டு மிளாறு என்று லயம் கொடுத்தது, எல்லோர் வீட்டிலும் அளந்த விறகுதான். சாமான் வைக்கிற அட்டல் பலகை எரிந்தது. பலாக்கட்டை முக்காலி எரிந்தது. கடைசியில் கதவு. அதற்கும் அவர் ஒரு யோசனை வைத்திருந்தார். "குளுரு தரையோடதான் வருது தம்பி. மேல்பாதிக் கதவால என்ன பிரயோசனம்?" மேல்பாதியை அறுத்து எரித்துவிட்டு அந்த இடத்தில் சாக்கைத் தொங்கவிட்டார். தோட்டத்துக் கதவைச் சேதப்படுத்தியதற்கு அபராதம் வந்தபோது, கீழ்ப்பாதி பத்திரமாக இருப்பதை ஆபீஸ் கவனிக்க வேண்டுமென்று என்னை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பாதிக் கதவு நாலு நாள் எரிந்தது. நாலாம் நாள் விடிகிற நேரத்தில் பேச்சியம்மா போய்விட்டாள். அப்போதும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சூடு குறைந்து சாகவில்லை என்று அரைக்குச்சி வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் மத்தியானம், கவ்வாத்து முடித்துவிட்டு அவர் நிரைக்கு வந்து நின்றார். கூடையில்லை. நான் பதறிப்போனேன்.

"மாமா, இனிமே பேர் போட முடியாது."

"போட வேணாம் தம்பி. சும்மா கையோட வந்தேன்."

கொழுந்து எடுக்க ஆரம்பித்தார். எடுத்ததை முன்னால் நின்றவளுடைய கூடையில் போட்டார். அடுத்த பிடியை அதற்கடுத்தவள் கூடையில். யார் யார் எத்தனை பிடி கொடுத்தார்கள் என்று அவர் மனதில் இருந்திருக்க வேண்டும். ஒருத்தியையும் விடவில்லை. "அண்ணே, போதும்ணே" என்று அவர்கள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

அந்த மாதம் எங்கள் அம்மாவுக்கு மூன்று நாள் காய்ச்சல் கண்டது. பேர் போய்விடுமே என்று மலைக்கு வந்தாள், வந்து ஒரு மரத்தடியில் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். சாயந்தரம் நிறுவையில் அவள் கூடையைத் தராசில் மாட்டினேன். முழு எடை இருந்தது. மூன்று நாளும் இருந்தது. நான் முழுப் பேர் எழுதினேன். அரைக்குச்சி மழை வருமா என்று பார்க்கிறவர்போல எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து நிறுவை முடிந்து லயத்துக்குத் திரும்பும்போது நான் அவரோடுதான் நடப்பேன். அதிகம் பேச மாட்டோம். அவர் மெதுவாக நடக்கிறவர். நானும் மெதுவாக நடக்கப் பழகிக்கொண்டேன்.