நெய் வியாபாரியின் நெஞ்சுப் பரீட்சை

“போதும், இறங்குங்க!” என்று கத்திக்கொண்டே டாக்டர் கைலாசம் மருதாசலத்தின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

நெய் வியாபாரி மருதாசலம் கேட்கவில்லை. பரீட்சைக்காகப் போட்டிருந்த இரண்டு மரப்படியிலும் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, திரும்பி மறுபடி ஏறினார்.

“சும்மா இருங்க சாமி. ஆரம்பிச்சதைப் பாதியில விடக்கூடாதுங்க.”

நாடி நிதானமாக அடித்தது. டாக்டருக்குத்தான் வேர்த்தது.

ராசிபுரத்தில் அவர் ஆஸ்பத்திரி திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எதிர்ச்சாரி நாட்டு வைத்தியர் வீரபாகுவின் வாசலில்தான் இன்னமும் கூட்டம். அன்று காலை மருதாசலம் வந்து, “படுத்தா மூச்சு முட்டுதுங்க. சாயங்காலமானா கால் ரெண்டும் வீங்கிப் போகுதுங்க” என்றதும், கைலாசம் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார்.

“இருதயம் தளர்ந்துபோச்சு. இந்தப் படியில ஏறி இறங்கட்டும். மூணாந்தடவை உட்கார்ந்துடுவார், பாருங்க!”

தெரு கேட்டது. வீரபாகு தம் நோயாளிகளையும் கூட்டிக்கொண்டு ஜன்னலோரம் வந்து நின்றார். சொன்னது பொய்த்தால் கைலாசம் பெட்டியைக் கட்டிக்கொண்டு சேலம் பஸ் ஏற வேண்டியதுதான்.

மருதாசலம் உட்காரவே இல்லை.

கைலாசம் அவர் காலை அமுக்கிப் பார்த்தார். பள்ளம் விழவில்லை.

“வீக்கம் எங்கேய்யா?”

“காலையில வடிஞ்சிருமுங்க.”

டாக்டருக்கு உயிர் வந்தது. “அப்போ வேகமா ஏறுங்க!”

வேகமாக ஏறினார். மூச்சு இரைக்கவில்லை. கம்பவுண்டர் பக்கத்துக் கடையிலிருந்து உப்பு மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து மருதாசலத்தின் தோளில் வைத்தார். மூட்டையோடும் ஏறினார்.

“ஏனுங்க டாக்டரே, வைத்தியம் பாக்கறீங்களா, சந்தைக்கு மூட்டை தூக்க ஆள் பழக்கறீங்களா?” என்றார் வீரபாகு. ஜன்னல் முழுக்கச் சிரிப்பு.

“அவர் ஏறுற முறை தப்பு!” கைலாசம் வேட்டியை மடித்துக் கட்டினார். “நான் ஏறிக் காட்டறேன்.”

விறுவிறுவென்று ஏறினார், இறங்கினார், ஏறினார். காலையிலிருந்து வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. மூன்றாம் தடவை ஏறும்போது கண் இருட்டியது. படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

“டாக்டர் வாக்குப் பலிச்சுதுங்கோ! மூணாந்தடவை உக்காந்தாச்சு!” என்று வீரபாகு கை தட்டினார்.

அந்த ஆரவாரத்தை விலக்கிக்கொண்டு மருதாசலத்தின் வண்டிக்காரன் பச்சமுத்து உள்ளே ஓடி வந்தான்.

“சாமி, எசமானியம்மாவுக்குப் பதிலா எசமான் இன்னும் எத்தனை தடவைங்க ஏறணும்? அங்க வண்டியில அவங்களுக்கு மூச்சு முட்டுதுங்க!”