காஷ்பார் ஷிமோனா, ஷிமோன் காஷ்பாரா?

பெத்ரா லோங்கா, போர்ச்சுகல்
1935 ஜூன் 1, சனிக்கிழமை

மகாகனம் பொருந்திய மாமனார், ஓய்வுபெற்ற அஞ்சல் நிலைய அதிகாரி பெர்க்கி லோராந்த் அவர்களின் சமூகத்துக்கு,

மருமகன் காஷ்பார் ஷிமோன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் கடலும் மத்தி மீன்களும் நலம். அவ்விடம் தங்கள் மூட்டுவலியும், தங்கள் மகளும் என் மனைவியுமான இலோன்காவும் எப்படி என்று அறிய ஆவல். போன கடிதத்தில் இலோன்காவை முதலில் விசாரித்துவிட்டு மூட்டுவலியை நாலாவது பக்கத்தில் விசாரித்ததாகத் தாங்கள் குறைப்பட்டுக்கொண்டீர்களாம். அதனால்தான் இந்த முறை வரிசையை மாற்றியிருக்கிறேன். வரிசை மாறினால் என்னென்ன ஆகும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவன் இந்த ஐரோப்பாவில் எவனும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து இலோன்காவை ரயிலேற்ற வேண்டாம்.

இதைப் படித்ததும் தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லியிருப்பீர்கள். சொன்னீர்கள், மறுக்கவில்லை. "மாப்பிள்ளை, ஒரே ஊர்ல, ஒரே கிளப்புல, ஒரு சீசன் முழுசா இருந்து காட்டுங்க. அன்னைக்கு என் பொண்ணை அனுப்பறேன். முக்கா சீசன் எல்லாம் என்கிட்ட செல்லாது, அரை முத்திரை குத்தின தபால்தலை மாதிரி." தங்கள் பார்வையில் அது நியாயமான நிபந்தனைதான். என் தொழில் வரலாறு அப்படி. தெமெஷ்வார் நகரத்தில் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்து ஆடச் சொன்னேன். எல்லாரும் தட்டிக்கொடுத்தார்கள், முதலாளியின் மருமகனைத் தவிர. அவர் யாருக்கும் கொடுக்கமாட்டார் என்பதால் அவருக்கும் யாரும் கொடுக்கவில்லை. பத்தொன்பதாவது நாள் என் பெட்டியை நிலையத்தில் வைத்துவிட்டார்கள். சோபியாவில் நிர்வாகிகள் நல்லபடியாகத்தான் நடத்தினார்கள். "எங்க தம்பியைக் கோல்கீப்பராப் போடட்டுமா?" என்று கேட்டார்கள். நான் வேண்டாமென்று தலையை இடவலமாக ஆட்டினேன். அந்த ஊரில் அப்படி ஆட்டினால் சரி என்று அர்த்தமாம். தம்பி ஒன்பது கோல் வாங்கினார். சலோனிகாவில் கிளப்பை நடத்திய அண்ணன் தம்பிகள் சண்டைபோட்டுப் பிரிந்து ஆளுக்கொரு பயிற்சியாளரை வைத்தார்கள். மற்றவனிடம் என்னுடையதைவிடச் சத்தமான விசில் இருந்தது. இப்படியாக நாலு வருஷத்தில் நான் முழுசாகப் பார்த்து முடித்தது ரயில்வே கால அட்டவணை ஒன்றைத்தான்.

அப்புறம் அந்தத் தந்தி வந்தது. கொண்டுவந்து கொடுத்தது தாங்கள்தான் என்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. "ஷிமோன் காஷ்பார், பயிற்சியாளர், புடாபெஸ்ட்" என்று விலாசம் இருந்தது. நான் காஷ்பார் குடும்பத்து ஷிமோன். நம் நாட்டில் குடும்பப் பெயர் முன்னால், அழைக்கும் பெயர் பின்னால். உலகத்தில் பாக்கி எல்லாரும் அதைத் திருப்பிப்போட்டுத்தான் எழுதுகிறார்கள். தாங்களே சொன்னீர்கள்: "வெளிநாட்டான் எழுதினா பேரு தலைகீழாத்தான் வரும் மாப்பிள்ளை. முப்பத்தொரு வருஷமா திருப்பித் திருப்பிப் படிச்சு என் கழுத்தே திரும்பிப்போச்சு. இது உங்களுக்குத்தான்." நானும் நம்பிப் பெட்டியைக் கட்டினேன்.

ஆனால் இந்தத் தந்தியை எழுதியவர், கிளப்பின் செயலாளரும் இந்த ஊர் மருந்துக்கடைக்காரருமான ஹென்ரிக்கே, பொல்லாத மரியாதைக்காரர். ஹங்கேரிக்காரர்கள் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, நம் மனம் குளிரட்டும் என்று நம் வழக்கப்படியே எழுதியிருக்கிறார். அதாவது அவர் கூப்பிட்டது ஷிமோன் குடும்பத்து காஷ்பாரை. மூன்று நாடுகளில் கோப்பை வாங்கியவர், பத்திரிகைகள் 'பேராசிரியர்' என்று எழுதுகிறவர், அதே ஷிமோன் காஷ்பாரை. புடாபெஸ்டின் அச்சுக்கோப்பவர் சங்க அணியைப் பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்கவைத்த காஷ்பார் ஷிமோனை அவர்கள் கனவிலும் கேட்கவில்லை.

இது எனக்குத் தெரிந்தது வந்து இறங்கிய அன்று, வரவேற்பு விருந்தில். கிளப்பின் தலைவர் சென்யோர் அடெலீனோ மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர். மனிதர்களையும் அப்படியே அணைத்து அடைப்பார். அவர் அறையின் சுவரில் நம்மூர்ப் பத்திரிகை ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். படம் மங்கலாக அச்சாகி ஒரு தொப்பி மட்டும்தான் தெரிந்தது. நானும் தொப்பி போட்டிருந்தேன். இந்த ஊரில் ஹங்கேரிய மொழி படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் முந்நூறு பேர் முன்னால் என்னை மேஜைமேல் ஏற்றி, அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். இரண்டு வரி படித்ததுமே அது அந்தப் பேராசிரியரைப் பற்றியது என்று தெரிந்துவிட்டது. மாமா, நான் ஒளிக்கவில்லை. அந்த மேஜையிலேயே, "ஐயா, இது நான் இல்ல. எனக்கு இந்தத் தகுதி கிடையாது. என்னைத் திருப்பி அனுப்பிடுங்க, என் மாமனார்கிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்று நம் தாய்மொழியில் கண்ணீரோடு சொன்னேன். முந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சில பெண்கள் அழுதார்கள்.

மறுநாள் ஹென்ரிக்கேயை மருந்துக்கடையில் பிடித்து, எனக்குத் தெரிந்த ராணுவ ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் அவர் விற்கிற சுண்ணாம்புப் பொடி மாதிரி ஆனது. கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது வெளிய தெரிஞ்சா அடெலீனோ என்னை டப்பால அடைச்சுருவாருய்யா. எண்ணெயோட!"

"அதுக்காக நான் பொய் சொல்லணுமா?"

"என்ன பொய்? ரெண்டும் உங்க பேருதானே? வரிசைதானே மாறியிருக்கு? அட, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா இருங்க. உங்களுக்குத்தான் எங்க பாஷை வராதே."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயே இல்லாத நுணல் எப்படிக் கெடும்? சும்மா இருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பது வெறும் பேச்சு, மாமா. பசியோடு இருக்கிறவர்கள் பூசணிக்காயைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் ஆட்டத்தின்போது சும்மா இருக்க முடியுமா? முதல் ஆட்டத்தில் என் பையன்கள் மரம்போல நிற்பதைப் பார்த்து என்னை மறந்து "ஃபுஷ்! ஃபுஷ்!" என்று கத்திவிட்டேன். ஓடு என்றுதானே சொன்னேன். இந்த ஊர்ப் பேச்சில் 'ஃபோஜ்' என்றால் தப்பித்து ஓடு என்று அர்த்தமாம். என் காதுக்கே இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது, அவர்களைச் சொல்லி என்ன? பந்தைக் கண்டதும் என் ஆட்டக்காரர்கள் பதினோரு பேரும் பேயைக் கண்டதுபோலப் பின்னால் ஓடினார்கள். எதிரணிக்காரர்கள் என்ன சூழ்ச்சியோ என்று மொத்தமாக எங்கள் பக்கம் புகுந்தார்கள். அந்த நெரிசலில் பந்து யார் காலிலோ பட்டு வெளியே தெறித்தது. காலியாகக் கிடந்த மைதானத்தில் எங்கள் ஆள் ஒருவன் தனியாகப் போய்க் கோல் போட்டான். மறுநாள் பத்திரிகையில் 'பேராசிரியரின் ஹங்கேரிப் பின்வாங்கல்' என்று நாலு பத்தி. அதிலிருந்து எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள்கூடப் பந்தைக் கண்டால் ஓடிப்போகிறார்கள். கேட்டால் நவீன ஆட்டமாம். ஆள்மாறி வந்து ஆட்டத்தையும் கெடுத்தேன் என்று நான் குற்ற உணர்ச்சியில் தூங்காமல் கிடந்தால், கெட்ட ஆட்டம் ஜெயித்துக்கொண்டே போகிறது.

இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம், அது முடிந்தால் சீசன் முழுசு. தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, நான் சுவரில் நாள் கிழித்துக்கொண்டிருந்தேன். இலோன்காவுக்காக இரண்டு அறை வீடு பிடித்து, ஜன்னலுக்குப் பச்சை வண்ணம் அடித்து வைத்திருக்கிறேன். மத்தி நாற்றம் மேற்குக் காற்றில்தான் வரும், கிழக்குக் காற்றில் வராது.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். நாளைக்கு எங்களோடு ஆட வருவது லிஸ்பன் அணி. அவர்களுடைய பயிற்சியாளர் யார் தெரியுமா? அந்த உண்மையான ஷிமோன் காஷ்பாரேதான்! தந்தி போய்ச் சேராததால் லிஸ்பன்காரர்கள் அவரைக் கொத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். லிஸ்பன் பத்திரிகைகளோ உலக வழக்கப்படி பெயரைத் திருப்பி, 'காஷ்பார் ஷிமோன்' என்று போடுகின்றன. அதாவது என் பெயரை. அவர் பெயரில் நான் இங்கே, என் பெயரில் அவர் அங்கே. இதைப் பார்த்துவிட்டு அடெலீனோ வயிறு குலுங்கச் சிரிக்கிறார்.

"பாத்தீங்களா பேராசிரியரே! லிஸ்பன்காரனுக்கு நீங்க கிடைக்கல, உங்க பேரைத் தலைகீழாக் கவுத்து ஒரு போலியைப் பிடிச்சு வச்சிருக்கான்! ஞாயித்துக்கிழமை வரட்டும், ஊர் முன்னாடி அந்தப் போலி மூஞ்சியைக் கிழிக்கிறேன்."

ஊரெல்லாம் தட்டி கட்டியிருக்கிறார்கள்: 'அசலைப் பார், நகலைப் பார்!' அசல் எது என்று நாளைக்கு நாலு மணிக்குத் தெரிந்துவிடும். ஆட்டம் முடிவதற்குள் என்னைத் துரத்திவிடுவார்கள். எத்தனை நிமிஷம் குறைந்தாலும் தங்கள் கணக்கில் அது முழு சீசன் ஆகாது. எனக்குத் தங்களைத் தெரியாதா? ஹென்ரிக்கே இப்போதே உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆகவே மாமா, இலோன்காவைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைக்குள் நான் வந்துவிடுவேன். தொப்பிக்கடை வேலையோ, தபால் பிரிக்கிற வேலையோ, தாங்கள் சொல்வதைச் செய்கிறேன், இனிமேல் பந்தைத் தொடமாட்டேன். அவளிடம் மட்டும் தாங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நாற்பத்தொரு வயதில், பெண்டாட்டியை வரவழைக்கத் துப்பில்லாதவன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது. அவள் இல்லாமல் எட்டு மாதம் எப்படிப் போயிற்று என்று தங்களுக்கு எழுதுவது மரியாதையாக இருக்காது.

தங்கள் மூட்டுக்கு வெயிலும், தங்கள் கோபத்துக்கு நிழலும் ஆண்டவன் அருளட்டும். வீட்டுப் பூனைக்கும் என் அன்பைச் சொல்லவும்.

அடிபணிந்து,
காஷ்பார் ஷிமோன்
(நாளை நாலு மணி வரை ஷிமோன் காஷ்பார்)

பின்குறிப்பு, திங்கட்கிழமை: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். தாங்கள் மன்னிக்கவேண்டியவற்றில் இது மிகச் சிறியது. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.

இலோன்காவை ரயிலேற்ற வேண்டாம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? தாங்கள் ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களாம். அத்தையைப் பார்க்க க்யோர் வரைக்கும் போய்வருகிறேன் என்று சொன்னாளாம். தாங்களே பெட்டியைத் தூக்கி வைத்துக் கையசைத்தீர்களாம். வண்டி க்யோரில் நின்றது, இவள் இறங்கவில்லை. வியன்னா, பாரிஸ் எல்லாம் தாண்டி சனிக்கிழமை லிஸ்பனில் இறங்கியிருக்கிறாள். அங்கே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பயிற்சியாளரின் பெண்டாட்டி என்று சொன்னாளாம். நம் வழக்கப்படி கணவன் முழுப்பெயரோடு ஒரு 'னே' சேர்த்தால் மனைவி பெயர் ஆயிற்று, அதில் 'காஷ்பார் ஷிமோன்னே' என்றுதானே இருக்கும்? லிஸ்பன்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். பூச்செண்டு கொடுத்து, காரில் ஏற்றி, நேரே அந்தப் பெரிய மனிதர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அவர் அங்கியோடு வந்து கதவைத் திறந்தாராம்.

"அம்மா, நான் கல்யாணமே பண்ணிக்கலியே!"

"எனக்கும் உங்களைக் கட்டிக்கிட்ட ஞாபகம் இல்லீங்க. நீங்க ஷிமோன் வீட்டு காஷ்பார். நான் தேடறது காஷ்பார் வீட்டு ஷிமோன். கொஞ்சம் வழி சொல்றீங்களா?"

வழி சொல்லவில்லை, அவரே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரவு வீட்டுக்காரம்மாள் அறையில் படுக்கவைத்து, மறுநாள் அணியின் பேருந்தில் முன்னிருக்கை கொடுத்திருக்கிறார். அவள் எனக்காகச் சுட்டுக் கொண்டுவந்த கசகசா ரொட்டியை அவர் வழியெல்லாம் தின்று தீர்த்திருக்கிறார். அவள் வழியெல்லாம் என் கதையைச் சொல்லித் தீர்த்திருக்கிறாள். எனக்கு ரொட்டியின் முனைத்துண்டுதான் கிடைத்தது.

பேருந்து நின்றதும் அடெலீனோ தொண்டை கிழியக் கத்தினார்: "வந்துட்டான்யா போலி!" பெரிய மனிதர் இறங்கி நேரே வந்து, தொப்பியைக் கழற்றி, என்னைக் காட்டி, சுத்தமான போர்ச்சுகீசியத்தில் சொன்னார்: "ஐயா, இவர்தான் உங்க ஷிமோன் காஷ்பார். நான் வெறும் காஷ்பார் ஷிமோன். எந்தப் பேப்பரை வேணா பாருங்க."

"பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்!" என்று அடெலீனோ துள்ளினார். அந்த மனிதர் என் காதருகே குனிந்து, "அந்தத் தந்திக்காக மூணு வாரம் காத்துக்கிட்டிருந்தேன்யா. வராதது நல்லதாப் போச்சு. மத்தி நாத்தம் எனக்கு ஆகாது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் அதையும் வெற்றிக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வருஷம் முழுக்க மைதானத்தில் வாய் திறக்காதவராம் அந்தப் பெரிய மனிதர். நேற்று என்ன ஆவேசமோ, "ஃபுஷ்!" என்று கத்தினார். நானும் "ஃபுஷ்!" என்று கத்தினேன். இரண்டு அணியும் தப்பித்து ஓடின. நடுமைதானத்தில் பந்தும் நடுவரும் மட்டும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. அடெலீனோ இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டிவிட்டார், பழைய பெயரிலேயே.

மாமா, ஒரே ஊர், ஒரே கிளப், ஒரு முழு சீசன் என்ற தங்கள் நிபந்தனை, நேற்று மாலை ஐந்தே முக்காலுக்கு நடுவர் கடைசி விசில் ஊதியபோது ஒரு நிமிஷமும் குறையாமல் நிறைவேறியது. தங்கள் மகள் மூன்று மணிக்கே வந்து இறங்கிவிட்டாள்.