பூரத்துக்கும் பூராடத்துக்கும் நடுவில் ஒரு மெஷின்

சிரஞ்சீவி பேரன் பிச்சமுத்துவுக்கு, உறையூர் தாத்தா வீரமலை ஆசீர்வாதம் செய்து, போஸ்டாபீஸ் வாசலில் கடிதம் எழுதித்தரும் ராமர் கையால் எழுதிக்கொள்வது. இவ்விடம் எல்லோரும் க்ஷேமம். பம்பாயில் உன் க்ஷேமத்துக்கும் உன் கணக்கு மெஷினின் க்ஷேமத்துக்கும் பதில் போடவும்.

எட்டுக் கிரகமும் ஒன்றுகூடி உலகம் அழியப்போகிறது என்று ஊரே யாகம் வளர்த்து, ஒன்றும் அழியாமல் ஏமாந்துபோன வருடம் அல்லவா இது? அழியாத உலகத்தில் அழியப் பார்ப்பது உன் தங்கச்சி ரங்கநாயகியின் கல்யாணம் ஒன்றுதான். மாப்பிள்ளை அடைக்கலம், ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர், தங்கமான பையன். ஆனால் பேச்சு மொட்டைக் கோபுரம் மாதிரி பாதியில் நிற்கிறது. காரணம் உன் மாமன் சின்னையா. உப்பிலியபுரத்தில் பையனின் அம்மா, "பொண்ணு என்ன நட்சத்திரமுங்க?" என்று கேட்க, இவன் வாய் நிறைய வெற்றிலையோடு, "பூராடமுங்க" என்றானாம். அந்தம்மா பாதிக் காபியோடு டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். பூராடம் நூலாடாது, தாலி நிலைக்காது என்பார்களே! என் பெண்சாதி பூராடம்தான். அவள் போய்ச் சேர்ந்தாள். நான் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்து கடிதம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை யார் கேட்கிறார்கள்?

ரங்கநாயகிக்குப் பூரம். ஜாதகத்தைக் கரையான் தின்றுவிட்டது. உன் அப்பனுக்கு நேற்றுத் தின்றதே நினைவில்லை. மிச்சம் நாங்கள் மூன்று பேர். நான் பூரம் என்கிறேன், சின்னையாவும் உன் அத்தை வேலம்மாளும் பூராடம் என்கிறார்கள். "ரெண்டு பேரு சொல்றோம், விட்டுக்குடுங்கப்பா" என்கிறாள் அவள். "உனக்கு யாருடி சொன்னா?" என்றேன். "சின்னையா மச்சான்தான்" என்கிறாள். ஒரே தப்பு, ஒருதரம் வேட்டி கட்டிக்கொண்டும் ஒருதரம் சேலை கட்டிக்கொண்டும் வந்து, ரெண்டு சாட்சி என்கிறது!

அப்போதுதான் உன் போன கடிதம் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய மெஷினின் ஞாபகத்தில் ஒன்று பூஜ்யமாகவும் பூஜ்யம் ஒன்றாகவும் தானாகப் புரண்டுவிடும், அதனால் ஒவ்வொரு எண்ணோடும் சில காவல் குறிகளைச் சேர்த்து வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஒன்று புரண்டால் மெஷினே திருத்திக்கொள்ளும். இரண்டு புரண்டால் தப்பு என்று கத்தும், எது சரி என்று அதற்குத் தெரியாது. மூன்று புரண்டால் தப்பையே சரியென்று நம்பி இன்னும் கெடுத்து வைக்கவும் கூடும். அட, நம்ம சின்னையா!

யோசித்தால் நியாயம்தான். ரோகிணியை ஒருவன் 'ரோணி' என்றாலும் நாமே திருத்திக்கொள்வோம், பக்கத்தில் அந்தச் சாயலில் வேறு நட்சத்திரம் கிடையாது. பூரம், பூராடம், பூரட்டாதி மூன்றும் ஒட்டுக்குடித்தனம். வாய் வழுக்கினால் அடுத்த வீட்டில் விழ வேண்டியதுதான். இதோ, ராமரை வாசிக்கச் சொன்னேன். அவரும் ஓரிடத்தில் பூரத்தைப் பூராடமாக்கி வைத்திருந்தார். "ஒரு காலும் ஒரு டானாவும்தான் கூடிப்போச்சு, பெரியவரே" என்கிறார். "அந்தக் காலுலதான் என் பேத்தி கல்யாணம் நொண்டுதய்யா" என்றேன். அடித்துத் திருத்தினார்.

என் ஞாபகத்துக்கும் காவல் குறி உண்டு. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸ்காரர்கள் இங்கே ஓடிவந்த வருடம், ஆடி மாதம். உன் அம்மாவுக்கு வலி கண்டபோது மருத்துவச்சி மாரியாயி, அம்மனுக்கு அன்று சாத்திய பச்சை வளையலோடு வந்தாள். ஆடிப் பூரத்துக்குத்தானே அம்மனுக்கு வளையல்? விளக்கு வைக்கிற நேரம் பிள்ளை அழுதது. மேற்கே பார்த்தால் நகக்கண் அளவு பிறை. பூராடமானால் நிலா முக்காலுக்கு மேல் வளர்ந்து கிழக்கில் அல்லவா நிற்கும்? வளையலும் பிறையும் சின்னையாவைக் கேட்டுக்கொண்டு வந்தவை இல்லை.

ஆகையால் பேராண்டி, உன் ஆபீஸ் காகிதத்தில், 'மெஷின் பார்த்தது, பூரம்' என்று பையனின் அம்மாவுக்கு ஒரு வரி போடு. உள்ளே போகும்போதே தப்பாகப் போனதை மெஷின் பத்திரமாகத் தப்பாகவே காப்பாற்றும் என்று நீ எழுதியதை நான் மறக்கவில்லை. அதற்குத்தான் சரியானதைச் சொல்லிவிட்டேன்.

ஸ்ரீரங்கம் பெருமாளும் உறையூர் அம்மனும் உன்னையும் மெஷினையும் புரளாமல் காக்கட்டும்.

பின்குறிப்பு: கவர் ஒட்டுமுன் ரங்கநாயகியே டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "பூரமோ பூராடமோ, கட்டினா இவளைத்தான்னு அவரு அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டாரு தாத்தா. தை மாசம் வச்சுக்கலாம்னு அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. நீங்க யாருமே என்னைக் கேக்கலையே!" என்கிறாள். மெஷினைத் தொந்தரவு செய்யாதே; லீவு மட்டும் போடு. அவள் சொல்வதும் நியாயம்தான். அவள் பிறந்த அன்று அந்த அறைக்குள் இருந்தது மூன்று பேர். உன் அம்மா போய்விட்டாள், மாரியாயி போய்விட்டாள். இன்னும் உயிரோடு இருக்கிற சாட்சி ரங்கநாயகி ஒருத்திதான்.