நாவலோடைப் பிக்கப்பின் நெடுநாள் நம்பகத்தன்மை

ஒரு வாகனத்தை வாங்காமல், ஓட்டாமல், கண்ணால்கூடப் பாராமல், அதன் நெடுநாள் நம்பகத்தன்மையை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்த பெருமை இந்தப் பூவுலகில் ஒரேயொரு அமைப்புக்குத்தான் உண்டு. அது ஜெர்மனியில் இல்லை, ஜப்பானிலும் இல்லை. பாரிஸ் லா சப்பலில், ரூ லூயி-பிளாங்கில், விமானச் சீட்டு விற்கும் ஒரு கடையின் பின்னறையில் இருக்கிறது. பெயர், 'நாவலோடை மக்கள் ஒன்றியம் – பிரான்ஸ்'.

இந்த மாபெரும் ஆராய்ச்சிக்கு வித்திட்டவள் புனிதவதி. பாவம், அவளுக்கு ஆராய்ச்சி என்ற எண்ணமே இருக்கவில்லை. அவள் கேட்டது ஒரு வண்டி.

அது 2012. இலங்கையில் போர் முடிந்து சனம் நாவலோடைக்குத் திரும்பிக் குடியேறிய காலம். மாரி பிறந்தால் ஊருக்குள் போகிற ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும். ஓட்டோக்காரர்கள் பெரிய வீதியிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். புனிதவதியின் அண்ணன் பாலச்சந்திரனுக்கு நீரிழிவு. காலில் ஆறாத புண். கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்ட வேண்டும். மழை நாட்களில் அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு வெள்ளத்தைக் கடப்பார்கள். நாலு பேர் கிடைக்காத நாளில் மருந்து கட்டுவதில்லை.

கார்ஜ் லே கொனெஸிலிருந்து ரயிலேறி வந்து, லா சப்பல் சாப்பாட்டுக் கடையில் நாள் முழுக்கச் சட்டி கழுவுகிறவளால் தனியே ஒரு பிக்கப் வாங்க முடியுமா? ஒன்றியக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"அண்ணை, ஊருக்கு ஒரு பிக்கப் வாங்கிக் குடுத்தா வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏத்தி இறக்கலாம். பழசெண்டாலும் பறவாயில்லை."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. காசு சேர்க்கக் கலைமாலை ஒன்று வைத்தார்கள். ஒரே மாலையில் காசு சேர்ந்துவிட்டது. கொடுக்கிற விஷயத்தில் நம் சனத்தை ஒரு குறை சொல்ல முடியாது. வாங்குகிற விஷயத்தில்தான் கொஞ்சம் 'தூரநோக்கு' அதிகம்.

தூரநோக்கு முதலில் தலைவர் வாமதேவனுக்கு வந்தது. விமானச் சீட்டுக் கடை அவருடையதுதான். அவரிடம் வாகனமும் இல்லை, வாகனம் ஓட்டும் பெர்மியும் இல்லை. இரண்டாம் இலக்க மெத்ரோவில்தான் வாழ்நாள் முழுக்கப் போய் வந்தவர். ஆகையால் வாகனங்களைப் பற்றி விருப்பு வெறுப்பின்றிச் சிந்திக்க அவரால் முடிந்தது.

"தங்கச்சி, பழசு கிழசெண்டு அவசரப்படாதையுங்கோ. ஊருக்குக் குடுக்கிற சாமான் காலத்துக்கும் நிக்க வேணும். இதை நாங்கள் விஞ்ஞானபூர்வமாப் பாப்பம்."

'வாகனத் தெரிவு உபகுழு' இவ்வாறு உதயமானது. உபகுழுவில் வாகனம் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பக்கச்சார்பு வந்துவிடும் என்று அவரை விலக்கினார்கள்.

ஆராய்ச்சி மும்முரமாக நடந்தது. நடுத்தரப் பிக்கப் போதும் என்றார் வாமதேவன். எண்ணெய் குறைவாகக் குடிக்கும், ஒழுங்கையில் திரும்பும். செயலாளர் பத்திநாதர் அதைக் கேட்டுச் சிரித்தார். கனரகப் பிக்கப்தான் வேண்டும். எஞ்சின் பெரிது, அடிச்சட்டம் தடிப்பு, தலைமுறைக்கும் கிடக்கும்.

"உங்கட பெரிசு அந்த ஒழுங்கையிலை திரும்புமே?"

"உங்கட சின்னன் அந்த வெள்ளத்திலை மிதக்கும், பாத்துக்கொண்டிருங்கோ!"

"எங்கட வண்டி பத்து வருசம் பழுதில்லாமல் ஓடும், தெரியுமே?"

"ஆர் சொன்னது? பத்து வருசம் ஓடினாப் பிறகுதானே பத்து வருசம் ஓடுமோ எண்டு தெரியும்!"

பத்திநாதரின் வாயிலிருந்து தற்செயலாக ஒரு பேருண்மை விழுந்துவிட்டது. நெடுநாள் நம்பகத்தன்மையை நெடுநாள் பார்த்தால்தானே அறியலாம்? ஆகவே, இரண்டு வகைகளையும் பத்து வருடம் 'அவதானித்து', அதன்பின் வாங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அவதானிக்கத் தொடங்கிய மறுவருடமே இரண்டிலும் புதிய மாதிரி வெளிவந்தது. அவதானம் முதலிலிருந்து ஆரம்பமானது. அதற்கடுத்த வருடமும் அப்படியே. நேர்மையான ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் இருக்கும்.

புனிதவதி ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் ஒரு பெட்டி வடையும் கொண்டுவந்தாள். பெண்கள் பிரதிநிதி என்ற முறையில் அது அவளுடைய 'பொறுப்பு'. குத்துவிளக்கு ஏற்றுவதும் கடைசியில் நன்றியுரை சொல்வதும் அவள் பொறுப்பே. நடுவில் பேசுவது மட்டும் மற்றவர்களின் பொறுப்பு.

"அண்ணை, இந்த மாரிக்குள்ளை வண்டி போயிடுமோ?" என்று வடையை நீட்டியபடி கேட்பாள்.

"ஓம் ஓம், மாரிக்குள்ளைதான். எந்த மாரியெண்டு மட்டும் இப்ப சொல்லேலாது" என்பார் வாமதேவன்.

தகராறு முற்றியபோது நடுநிலையாளர் ஒருவரை அழைத்தார்கள். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எமில், புதுச்சேரிக்காரர். நாவலோடை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர் என்பதால் முழுத் தகுதியும் அவருக்கு இருந்தது. மனிதர் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"மிசியே, ரெண்டுல ஏதோ ஒண்ண வாங்கி அனுப்பிடுங்களேன். கால் நோவுற ஆளுக்கு வண்டிதானே வேணும்?"

சபையில் இப்படியொரு அநாகரிகமான பேச்சை யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் பண்பாடு என்று ஒன்று இருக்கிறதே! எமிலுக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். 'நிபுணரின் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று அறிக்கையில் எழுதினார்கள். அதன்பின் அவரை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. புனிதவதி மட்டும் அவருக்கு ஒரு வடை கூடுதலாக வைத்தாள்.

அடுத்த வருடம் பத்திநாதர் தன் ஆட்களோடு வெளியேறி, பிரெபெக்சூர் என்கிற அரச அலுவலகத்தில் பதிந்து, 'நாவலோடை மக்கள் ஒன்றியம் – பிரான்ஸ் (புதிய நிர்வாகம்)' என்று தனிக்கடை போட்டார். சேர்ந்த காசு தங்களுடையது என்று இருவரும் சொன்னதால் அது வங்கியில் பத்திரமாக முடங்கியது. லா சப்பலில் கலியாணம் பேசுகிறவர்கள் சாதகம் பார்ப்பதற்கு முன்னால், "நீங்கள் நடுத்தரமோ, கனரகமோ?" என்று விசாரித்தார்கள். புனிதவதி இப்போது இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி போட வேண்டியிருந்தது.

2018 மாரியில் மழை விடாமல் அடித்தது. ஊரில் ஆளுக்காள் வீட்டுக்குள் ஒடுங்கிவிட, கதிரை தூக்க நாலு பேர் அகப்படவில்லை. மருந்து கட்டாத புண் கறுத்தது. காய்ச்சல் வந்தது. வெள்ளம் வடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரிலிருந்து அண்ணன் மனைவி தொலைபேசியில் அழுதபோது புனிதவதி சட்டி கழுவிக்கொண்டு நின்றாள். குழாயை மூட மறந்து, அந்த இடத்திலேயே குந்தியிருந்து ஓவென்று அழுதாள். அவளைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோன கால் அது.

செய்தி கேட்டு இரண்டு ஒன்றியங்களும் பகை மறந்து ஒரே மண்டபத்தில் கூடின. சரித்திரம்தான்! முதலில், காலுக்கு ஒரு நிமிட மௌனம் அனுட்டிப்பதா என்ற கேள்வி வந்தது. ஆள் உயிரோடு இருப்பதால் அரை நிமிடம் போதும் என்று முடிவாயிற்று. அனுட்டித்தார்கள்.

பிறகு வாமதேவன் தொண்டையைச் செருமினார்.

"துக்கமான நேரந்தான். எண்டாலும் ஒரு விஷயத்தைச் சபை யோசிக்க வேணும். ஒரு காலோடை ஒரு மனுசன் உயரமான வண்டியிலை ஏறேலாது. ஆகவே, நடுத்தரந்தான் சரியெண்டது இப்ப நிரூபணமாயிட்டுது."

பத்திநாதர் துள்ளி எழுந்தார். "என்ன கதை இது? இனி அவருக்கு உருட்டிக்கொண்டு போற சில்லுக் கதிரை வேணும். அதை வைக்க இடம் வேண்டாமே? கனரகம்தான்!"

"சில்லுக் கதிரை மடியும்!"

"மடியாத கதிரை குடுத்தா என்ன செய்வியள்?"

இரு தரப்பும் மேசையில் அடித்தன. ஒரு மணித்தியாலம் கழித்து, மாறிய சூழ்நிலையைக் கருத்திற்கொண்டு ஆராய்ச்சியைப் புதிதாகத் தொடங்குவது என்று ஒற்றுமையாக முடிவெடுத்தார்கள். ஒருவரையொருவர் கட்டித் தழுவினார்கள். சிலருக்குக் கண் கலங்கியது. நிகழ்ச்சி நிரலின்படி, நன்றியுரைக்குப் புனிதவதியை அழைத்தார்கள்.

அவள் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தாள்.

"தலைவர் அண்ணைக்கும், மற்றத் தலைவர் அண்ணைக்கும் நன்றி. இவ்வளவு வருசத்திலை நீங்கள் ஒரு கூட்டம் தவறவிடேல்லை. ஸ்றைக் எண்டு மெத்ரோ ஓடாத நாளிலையும் நடந்து வந்தியள். பனி கொட்டினாலும் வந்தியள்."

வாமதேவன் சால்வையைச் சரிசெய்தார். பத்திநாதர் அடக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் கண்டதுக்குள்ளை, இவ்வளவு காலம் ஒருநாளும் பழுதாகாமல் ஓடினது உங்கட ஒன்றியம் ஒண்டுதான்."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அவள் அது ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பழுதாகாது அண்ணை. ஒரு வருத்தக்காரனையெண்டாலும் ஏத்தியிருந்தால்தானே பழுதாக?"