காருக்கு அரைத்த வெந்தயம்

ஒரு யந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரியாத ஆண்பிள்ளைக்கு இரண்டு வழி உண்டு. தெரியாது என்று ஒத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அதற்கு வைத்தியம் பார்க்கலாம். முதல் வழியில் போன ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. இரண்டாம் வழியில் போகிறவருக்கோ, மருந்து அரைத்துக் கொடுக்க எப்போதும் ஒரு பெண்பிள்ளை கிடைத்துவிடுவாள். எங்கள் வீட்டில் அந்தப் பெண்பிள்ளை நான்.

நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். நாலு பேர் கூடினால் என் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இதைச் சொல்லாமல் எழுதுகிறேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாய்ச் சேர்ந்திருந்த காலம். நாங்கள் இன்னும் மலையாள ராஜ்யத்தில்தான் இருந்தோம். எதற்கும் திருவனந்தபுரம் போகவேண்டும். சுசீந்திரம் பக்கத்தில் வயலும் வரப்புமாக இருந்த ஒரு வீட்டுக்கு நான் மருமகளாகப் போய் ஆறேழு மாதம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரருக்குக் கொல்லத்தில் வேலை. (இந்தக் கதையில் குற்றம் இல்லாத ஒரே ஆண்பிள்ளை அவர்தான். ஊரில் இல்லாததால்.)

மாமனார் ஒரு கார் வாங்கியிருந்தார். ரப்பர் எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போனது. துரை அதை ஏன் கூடவே கொண்டுபோகவில்லை என்று யாராவது ஒருவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வயசான வண்டி. கொஞ்ச தூரம் ஓடினால் மூக்கிலிருந்து ஆவி விடும். அதன் மூக்கு என்பது முன்பக்கத்துத் தண்ணிப் பெட்டி, ரேடியேட்டர் என்பார்கள். அதில் ஊற்றுகிற தண்ணீர்தான் இன்ஜின் சூடாகாமல் காக்கும். அந்தத் தண்ணீர் எந்தத் தண்ணீராக இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டு முற்றத்தில் மாதக்கணக்காக நடந்த மகாநாடு.

முதலில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார்கள். கொதித்தது. "கெணத்து வெள்ளம் கனம்லா! அது வண்டிக்கு ஆகாது," என்றார் ஒருவர். குளத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். பெட்டியைத் திறந்தபோது வாலோடு ஒரு தவளைக்குஞ்சு வெந்து மிதந்தது. பழையாற்றுத் தண்ணீரும் கொதித்தது. பிறகு இளநீர். (சிரிக்காதீர்கள். வெயிலில் வந்தவனுக்கு இளநீர் குளிர்ச்சி என்றால் காருக்கும் அப்படித்தானே என்று மாமா கேட்டபோது, முற்றத்தில் இருந்த பத்துப் பேரும் தலையாட்டினார்கள். சன்னலுக்குப் பின்னால் நின்று நானும் ஆட்டினேன்.) மறுநாள் காலையில் கார் முழுக்கக் கட்டெறும்பு. சீட்டில் உட்கார்ந்த மாமா எழுந்து ஓடியதைக் காண ஊரே கூடிவிட்டது.

கார் ரிப்பேர்காரன் ஒருவனைக் கூப்பிட்டு, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமா கூப்பிட்டது ஆசானை. ஆசான் என்றால் எங்கள் பக்கத்து வர்ம வைத்தியர். எலும்பு முறிந்தால் கட்டுவார், சுளுக்கு எடுப்பார். அவர் வந்தார். கார் மூடியின் மேல் மூன்று விரலை வைத்தார். கண்ணை மூடினார். நாடி பார்க்கிறாராம்!

"உஷ்ண தேகம்," என்றார் ஆசான். "தண்ணி மாத்தி மாத்திக் குடுத்து வயித்தக் கெடுத்து வச்சிருக்கேரு. வெந்தயம் குடும் வேய். ராத்திரி ஊற வச்சு, காலம்பற அரச்சு, மோர்ப் பதத்துல கலக்கி விடும். உள்ச்சூடு அப்பிடியே அமந்திரும்."

மாமாவின் முகம் தெளிந்தது. அந்த வேலை எனக்கு வந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி உள்ளதைச் சொல்லவேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டில் அதுவரை என்னை நம்பி உப்புப் போடக்கூட விட்டதில்லை. இப்போது வீட்டின் பெரிய சொத்துக்கு மருந்து அரைக்கும் உத்தியோகம். நாழி வெந்தயத்தை ஊறப்போட்டேன். விடியும் முன்னே ஆட்டுரலில் போட்டு, வெண்ணெய் மாதிரி, தொட்டால் விரலில் நூல் இழுக்கிற மாதிரி அரைத்தேன். துணியில் வடிகட்டலாமா என்று மாமியார் கேட்டாள்.

"வடிச்சா சத்துப் போயிரும் அத்தே," என்றேன்.

"அதுவும் செரிதான். ஒரு கல்லு உப்புப் போடண்டாமா ஏட்டி?"

இரண்டு புத்திசாலிகளும் கொஞ்ச நேரம் அதை யோசித்தோம். உப்பு வேண்டாம் என்று முடிவு செய்தோம். அன்று எங்களுக்குச் சரியாய் அமைந்த ஒரே தீர்மானம் அது.

ஏன் அத்தனை அவசரம் என்றால், அன்று பகவதிக்குத் திருவனந்தபுரத்தில் நேர்முகத் தேர்வு. பகவதி என் நாத்தூன், மாமாவின் கடைசி மகள். டீச்சர் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். மத்தியானத்துக்குள் போய் நிற்கவேண்டும். போகாவிட்டால் என்ன என்று கேட்கிறீர்களா? தாரம் இழந்த ஒரு அரைவை மில்காரர் பகவதியைக் கேட்டுக்கொண்டிருந்தார். காதுக்குள் முடி வளர்ந்து வெளியே சுருண்டிருக்கும் மனிதர். "தேர்வுல கெடச்சா படி மக்கா. கெடைக்கலேன்னா தை மாசம் கல்யாணம்," என்று மாமா முடிவாகச் சொல்லியிருந்தார். அவள் அதற்கு முந்தின ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

பஸ்ஸில் போயிருந்தால் காலாகாலத்தில் போயிருப்போம். ஆனால் மகள் காரில் போகிறாள் என்று மாமா ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார். மாமியாருக்குக் காரில் ஏறினாலே வாந்தி. அதனால் பெண்ணுக்குத் துணை நான். வெந்தயக் கரைசலைப் புனல் வைத்து மாமா பயபக்தியோடு ஊற்றினார். கொஞ்சம் மீந்ததை வீணாக்காமல் அதையும் ஊற்றச் சொன்னேன். (நேரே இல்லை, மாமியார் மூலமாக.)

நாகர்கோவில் தாண்டி வில்லுக்குறிவரை கார் தங்கமாக ஓடியது. "பாத்தியா ஆசானுக்கக் கைராசிய!" என்று மாமா சந்தோஷமாக ஹாரன் அடித்தார். தக்கலையில் ஒரு மணம் வந்தது. பகவதி என் காதில், "மைனி, பேறுகாலம் கழிஞ்ச வீட்டு மணம்லா அடிக்கி?" என்றாள். ஆமாம். பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயம் கிண்டுகிற வீட்டுக்குள் நுழைந்தால் வருமே, அதே மணம். வர வர அது கருகல் மணமாயிற்று. மார்த்தாண்டம் சந்தைப் பக்கம், ஆளும் வண்டியும் நெரிகிற இடமாகப் பார்த்து, கார் இரண்டு விக்கல் விக்கி நின்றது.

மாமா இறங்கித் துண்டைச் சுற்றிப் பிடித்து, தண்ணிப் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

அடுத்து நடந்ததை எங்கள் அம்மன் கோவில் பொங்காலையோடுதான் ஒப்பிட முடியும். மஞ்சள் கூழ் தென்னை உயரத்துக்கு எழும்பியது. மாமா சட்டென்று ஒதுங்கியதால் முகம் தப்பியது. சலவைச் சட்டையும் மீசையின் ஒரு பாதியும் தப்பவில்லை. உதவி செய்யப்போகிறேன் என்று இறங்கி நின்ற என் மேலும், கஞ்சி போட்டுத் தேய்த்த பகவதியின் புடவை மேலும் மிச்சம் விழுந்தது. அரைத்த வெந்தயம் உள்ளே வெந்து வீங்கி, ஒரு குழாய் விடாமல் அடைத்துக்கொண்டிருந்தது. நான் அரைத்த அரைப்பு அப்படி!

சந்தைக்காரர்கள் கூடிவிட்டார்கள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"ஏட்டி மக்கா, வண்டி பெத்திருக்கா? ஆணா, பொண்ணா?"

"தல முழுக்காட்டியாச்சா வேய்?" என்று ஒரு வாழைக்குலைக்காரர் மாமாவைக் கேட்டார்.

"இவருக்க மொகத்தப் பாத்தா பொண்ணுன்னுதான் தோணுகு," என்றாள் மீன்காரி.

"தள்ளி நில்லுங்க! என்னத்தக் கண்டிய? இப்ப ஆறிரும்," என்று மாமா இரைந்தார். அது ஆறவில்லை. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது.

அப்போது திருவனந்தபுரம் பஸ் வந்து எதிரே நின்றது. பகவதி அதைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, பஸ்ஸு..."

"காருல போறேன்னு சொல்லிட்டு வந்து பஸ்ஸுல போனா நாளைக்கு வயக்கரையில எவன் மொகத்துல முழிக்கது? கொஞ்சம் பொறு. இல்லேன்னா அதான் விதின்னு இருந்திரு."

விதியாம்! விதியை ஆட்டுரலில் அரைத்து ஊற்றியது யார்? எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. ஆனால் நான் எப்படிப் பேசுவது? எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் மருமகள் மாமனாரிடம் நேரே பேசமாட்டாள். அவசரம் என்றால் கதவைப் பார்த்தோ, தொழுவத்துப் பசுவைப் பார்த்தோ சொல்லுவாள், அவர் கேட்டுக்கொள்ளுவார். மார்த்தாண்டம் சந்தையில் கதவுக்கு எங்கே போக? பசுவும் இல்லை. கண்டக்டர் விசில் ஊதத் தொடங்கினான். பகவதி முந்தானையைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டாள். மில்காரரின் காது என் கண் முன்னால் வந்தது.

நான் காரின் பக்கம் திரும்பினேன்.

"காரே!" என்றேன். அவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருந்தது எனக்கே தெரியாது. "காரே, பொண்ணு பஸ்ஸுல போட்டும்னு மாமாகிட்டச் சொல்லு. நானும் கூடப் போறேன்னு சொல்லு. நீ ஆறின பொறவு மாமாவும் நீயும் பைய வாங்கன்னு சொல்லு!"

மீன்காரிதான் முதலில் சிரித்தாள். "எம்மாடி! வண்டி பெத்ததும் இல்லாம இப்பம் தூதும் போகணுமா?" ஒரே சிரிப்பு. எனக்கு அந்த ரோட்டிலேயே குழி தோண்டிப் புதைந்துகொள்ளலாம் போலிருந்தது. மாமா என்னைப் பார்க்கவில்லை. மீசையில் இருந்த வெந்தயத்தைத் துடைத்தார். மடியை அவிழ்த்துச் சில்லறையை எடுத்தார். அதை என் கையில் தரமுடியாதே. கார் மூடியின் மேல் வைத்தார்.

"காரே, அவளுவ கையில குடு," என்றார். "சீக்கிரம் ஏறச் சொல்லு."

காசு நெருப்பாய்ச் சுட்டது. ஊதி ஊதிப் பொறுக்கிக்கொண்டு ஓடினோம்.

பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து தள்ளிப்போய்விட்டதால் சுகமாக உட்கார்ந்து போனோம். திருவனந்தபுரத்தில் கடைசி ஆளாகத்தான் பகவதியை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் நான் ஒட்டிக்கொண்டு இருந்தேன். (உண்மையாகவே ஒட்டிக்கொண்டுதான், வெந்தயம் காயத் தொடங்கியிருந்தது.) கொஞ்ச நேரத்தில் உள்ளே பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. போச்சு, பெண்ணைக் கேலி செய்கிறார்கள், தை மாசம் கல்யாணம்தான் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டேன்.

வெளியே வந்த பகவதிதான் சொன்னாள். உள்ளே இருந்த ஒரு அம்மாள் முதல் கேள்வியாக, இது என்ன மணம் என்று கேட்டிருக்கிறாள். நடந்ததை மூணாம் கிளாஸ் பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரி சொல்லிக் காட்டச் சொன்னார்களாம். இவள் ஆசான் நாடி பார்த்ததையும் மாமா எறும்பிடம் கடிபட்டதையும் நடித்தே காட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மதி, மதி, கொள்ளாம்," என்றாளாம். போதும், நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். இடம் கிடைத்தது.

மாமாவும் காரும் மறுநாள் வந்து சேர்ந்தார்கள். முன்னால் இரண்டு காளை மாடு. "மருந்து நல்ல மருந்துதான். அரப்புக் கொஞ்சம் கட்டியாப் போச்சு," என்று முற்றத்து மகாநாட்டில் தீர்ப்புச் சொன்னார். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். இந்தத் தடவை நான் ஆட்டவில்லை.

அந்தக் கார் பிறகு ஓடவே இல்லை. மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்றது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. பகவதி படிப்பை முடித்து வந்ததும் மில்காரர் மறுபடியும் ஆள் அனுப்பினார். மாமாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சபலம். மில் பெரிய மில். அன்று சாயங்காலம் அவர் காரின் முன் சீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பகவதி நேரே போய்க் காரின் மூக்குக்கு முன்னால் நின்றாள்.

"காரே, எனக்கு அந்த ஆளு வேண்டாம்னு அப்பாகிட்டச் சொல்லு. வேலைக்குப் போகப் போறேன்னும் சொல்லு."

மாமா வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு ஹாரனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். அதுவும் செத்திருந்தது.

"காரு சரின்னு சொல்லுகு," என்றார்.

மில்காரருக்கு வேறு இடத்தில் பெண் கிடைத்தது. பகவதி ஹெட்மிஸ்ட்ரஸாகவே ரிட்டயர் ஆனாள். காதில் முடி இல்லாத ஒருவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். காரை எடைக்கு விற்று எத்தனையோ காலமாயிற்று. ஆனாலும் எங்கள் வீட்டில் யாருக்கும் முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற விஷயம் என்றால், எல்லாரும் சொல்லுவது அதனிடம்தான். "காரே, குழம்புல உப்பில்லேன்னு சொல்லு." "காரே, மாப்பிள்ளைக்கக் கொறட்டை தெரு வரைக்கும் கேக்குன்னு சொல்லு." அந்தக் காரைக் கண்ணால் பார்க்காத குஞ்சுகுளுவான்கள்கூட இப்படித்தான் பேசுகின்றன.

இதோ, அடுக்களையிலிருந்து என் மருமகளின் குரல் வருகிறது. மாமியாரிடம் எதையும் நேரே சொல்லத் தயங்காதவள்தான், இருந்தாலும் பழக்கம்.

"காரே, அத்தைக்கக் கஞ்சி ஆறியாச்சு. எழுதிக் கிழிச்சது போரும்னு சொல்லு!"